புயற்கரையில் ஒப்புரவு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



துன்பத்தில் கைகொடுப்பதைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல. கொடை, ஈகை, உதவி, தொண்டு, ஒப்புரவு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லாம் ஒரு பொருளன போலத் தோன்றினும் வள்ளுவர் அவற்றை ஒன்றாகக் கொள்ளவில்லை. ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாக அமைத்தவர், ஈகையை அதற்கு அடுத்ததாகத்தான் வைத்தார். ஈகை என்பது இல்லாதவனுக்கு இருப்பவன் தருவது. அதில் மேல் உண்டு, கீழ் உண்டு. ஒப்புரவு அத்தகையதன்று. ஊருணியும் ஊருக்குள் பழுத்து நிற்கும் மரமும் அதற்கு அவர் காட்டும் உவமைகள். ஊருணி எவருக்கும் ஈவதில்லை. ஊரார் மொள்கிறார்கள், மழை வந்து அதை நிரப்புகிறது, அதுவும் ஊரின் ஓர் உறுப்பாகவே கிடக்கிறது.

ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் நாளேடுகளில் இடம்பெறும் சொல் இவற்றுள் எதுவுமன்று. நிவாரணப் பொருள், நிவாரண முகாம், நிவாரணத் தொகை என்று ‘நிவாரணம்’ ஒன்றே ஆட்சி செய்கிறது. அரசுக் கோப்புக்கு அச்சொல் பொருந்தும், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அச்சொல் புழங்கும் இடத்தில் தருபவர் ஒரு கரையிலும் பெறுபவர் மறுகரையிலும் நிறுத்தப்படுகிறார்கள். இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை நீளும் வடசென்னைக் கடற்கரையில் இந்தப் பாகுபாடு செல்லாது. அங்கே புயலில் இழந்தவரும், புயலில் பிறரைக் காக்கச் சென்றவரும் ஒரே குடும்பத்தார். பல வேளைகளில் ஒரே ஆள்.

இது இன்று நேற்று வந்த நிலையன்று. சென்னைப் பட்டினம் தோன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து எட்டி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் பொருளும் கரையேறுவது மசூலாப் படகுகளில். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலைமோதும் இடத்தில் படகு கவிழ்ந்தால் மீட்பதற்கெனக் கட்டுமரங்கள் கூடவே செல்லும். கடலில் விழுந்தோரைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் அளிக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் இருந்தது. அக்காலப் பயண நூல்கள் அந்தப் பதக்கத்தை வியந்து பேசுகின்றன. அதை அணிந்தவனுடைய பெயர் என்ன என்பது அவற்றுக்குப் பொருட்டாகப் படவில்லை. இராயபுரத்துப் படகோட்டிகள் தாமே எழுப்பிய இராயப்பர் ஆலயம் இன்றும் நிற்கிறது. மீன்பிடித்த சீடரான இராயப்பரின் பெயரால்தான் அவ்வூருக்கே பெயர் வந்தது என்பர்.

புயல்களும் அக்கரைக்குப் புதியன அல்ல. 1746 அக்டோபரில், சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுப் படையின் கப்பல்கள் பலவற்றைப் புயல் ஒன்று சிதைத்தது. பின்னாளில் துறைமுகம் கட்டத் தொடங்கி, அலைதாங்கிச் சுவர்கள் எழுந்து வந்த நேரத்தில், 1881 நவம்பர்ப் புயல் அச்சுவர்களைப் பெயர்த்துத் தள்ளியது. வரலாற்று நூல்களில் கப்பல்களின் பெயர்கள் கிடைக்கின்றன. சுவரின் நீள அகலம் கிடைக்கிறது. குப்பங்களில் அன்றிரவு என்ன நடந்தது என்பதை எழுதிவைக்க ஆள் இல்லை.

2004 டிசம்பர் 26இல் வந்தது புயலன்று, ஆழிப்பேரலை. எனினும் இன்று காணும் தன்னார்வத் தொண்டு தமிழ்நாட்டுக் கரையில் பேருருவம் கொண்டது அந்நாளுக்குப் பிறகே. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினக் கரையில்தான் இழப்பு மிகுதி. மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் வண்டிகள் புறப்பட்டன. கல்லூரி மாணவர்கள் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தார்கள். அந்தத் தொண்டைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடாகும். ஆயினும் ஒரு காட்சியை மறைப்பதும் உண்மைக்கு ஆகாது. நாகைச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தன. கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். கடலில் உழைத்துத் தன் கையால் உண்டவனுக்கு, பிறர் உடுத்திக் கழித்ததை எடுத்து அணிய மனம் வரவில்லை. வீட்டில் பிணம் கிடக்கும் நாளிலும் மானம் என்ற ஒன்று மனிதரை விட்டு நீங்குவதில்லை என்பதைப் பெட்டி கட்டியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தன்னிடம் மிகுந்ததைத் தருவதற்கும் எதிரில் இருப்பவனுக்கு வேண்டியதைக் கேட்டறிந்து தருவதற்கும் உள்ள தொலைவு அந்தத் துணிக்குவியலில் தெரிந்தது.

வடசென்னையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல திருவொற்றியூர் கார்கில் நகரின் தற்காலிகக் கொட்டகைகளில் தங்கவைக்கப்பட்டன. அலைக்குத் தப்பி அங்கே வந்தவர்களை 2005இன் மழைவெள்ளம் தேடி வந்தது. தாழ்ந்த நிலத்தில் கொட்டகை போட்டால் வேறென்ன ஆகும்? தண்ணீர் எங்கே தங்கும், எவ்வழி ஓடும் என்பதை அக்குடும்பங்களில் உள்ள முதியவர் ஒருவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். பிறகு அவர்களுள் பலருக்கு எர்ணாவூர்ப் பக்கம் அடுக்கு வீடுகள் கிடைத்தன.

பேரலைக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் மீனவர்களுக்குப் படகுகள் வழங்கின. போட்டி போட்டுக்கொண்டு வழங்கின என்றே சொல்லலாம். பல ஊர்களில் இழந்த படகுகளினும் வந்த படகுகளின் எண்ணிக்கை மிகுந்துவிட்டது என்று பின்னர் மீன்வளத்துறை அறிந்தோர் குறை கூறினர். கட்டுமரம் பின்வாங்கியது, ஃபைபர் படகு கரையெங்கும் பெருகியது. கடலில் மீன் பெருகாமல் படகு மட்டும் பெருகினால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கணக்கில் வராத ஒன்று பதினோராம் ஆண்டில் நிகழ்ந்தது.

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் ஊர் ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து அடையாற்றைக் கரைபுரளச் செய்தன. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, முடிச்சூர் எனத் தென்சென்னையும் புறநகரும் மூழ்கின. மாடிக்கு ஏறியவர்களுக்கு அங்கிருந்து இறங்க வழியில்லை, கைப்பேசிகளும் ஓய்ந்தன. அப்போது காசிமேட்டிலிருந்தும் பட்டினப்பாக்கத்திலிருந்தும் பிற குப்பங்களிலிருந்தும் ஃபைபர் படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு நகருக்குள் சென்றன. பேரலையின் நிவாரணமாகக் கரைக்கு வந்த அதே வகைப் படகு, மாநகரின் வீதிகளில் மீட்புப் படகாயிற்று. 2004இல் நகரம் கரைக்குக் கொடுத்ததை 2015இல் கரை நகரத்துக்குத் திருப்பித் தந்தது என்று எவரும் அன்று கணக்குப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அதன் அழகு.

அந்த வேலையின் அருமை தெரிய வேண்டுமானால் வேலை எத்தகையது என்பது தெரிய வேண்டும். ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள படகைக் கரையிலிருந்து தூக்கி லாரியில் ஏற்றப் பத்துப் பன்னிரண்டு தோள்கள் வேண்டும். கடலில் ஓட்டுபவனுக்கு வீதி பகை. தண்ணீருக்கடியில் மதிற்சுவரின் முனையும், இரும்புக் கதவின் வேலும், மூழ்கிய கார்களும் மறைந்து கிடக்கும்; இயந்திரத்தின் விசிறி எதில் மோதி உடையும் என்று தெரியாது. ஆகவே பல இடங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியூன்றியும், இடுப்பளவு நீரில் இறங்கிக் கயிறு பிடித்து இழுத்தும் போனார்கள். அறுந்து தொங்கும் மின்கம்பி வேறு. திருப்பத்தில் வெள்ளம் இழுக்கும் வேகத்தைக் கண்ணால் அளப்பதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. நீச்சல் அறியாத முதியவரை மாடிச் சாளரத்திலிருந்து ஆடும் படகில் இறக்கும்போது அவரது அச்சத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டும். அந்நாட்களில் மாணவர்களும் கணினித் துறை இளைஞர்களும் பள்ளிவாசல்களிலும் கோயில் மண்டபங்களிலும் சமைத்து, பொட்டலம் கட்டி, இரவு பகலாக வழங்கினார்கள். அவர்களுடைய உழைப்பும் பெரிது. ஆனால் படகு வந்த பிறகுதான் அந்தப் பொட்டலம் மாடிக்குப் போயிற்று.

மூன்றாண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், கேரளப் பெருவெள்ளத்திலும் இதுவே நடந்தது. அரசின் கணக்குப்படி 669 படகுகளில் சென்ற மீனவர்கள் ஏறத்தாழ 65,000 பேரை மீட்டனர். படகில் ஏற முடியாத பெண்களுக்காகத் தண்ணீரில் குப்புறக் குனிந்து தன் முதுகையே படியாக்கினார் ஒருவர். கேரள அரசு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும், சேதமான படகுகளுக்குப் பழுதுச் செலவும் அறிவித்தது. உயிரைக் காத்ததற்குப் பணம் வேண்டாம் என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் மறுத்தது பெருமைதான். ஆனால் அரசு படகைப் பழுதுபார்க்க முன்வந்ததை அதற்கு ஒரு படி மேலாக மதிக்கலாம். கொடுத்தவனுக்கும் இழப்பு உண்டு என்பதை ஏற்ற செயல் அது.

எண்ணூருக்கு வருவோர் இனித்தான் கவனமாகக் கேட்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதில் எண்ணெய் கொட்டியது. தொடக்கத்தில் அது சிறிதளவே என்று கூறப்பட்டது. எர்ணாவூர்க் கரையின் பாறைகளில் கருங்குழம்பாகத் தேங்கியபோது உண்மை தெரிந்தது. கடலோரக் காவல்படையினரும் மாணவர்களும் மீனவர்களும் வரிசையாக நின்று வாளி வாளியாக அதை அள்ளினார்கள். செயற்கைக்கோள் ஏவும் நாட்டில் எண்ணெய் அள்ள வாளிதானா என்று பலரும் கேட்டனர். ஆறே ஆண்டுகளில் அதே வாளி மீண்டும் வந்தது.

2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக ஊர்ந்தபடி மழையைக் கொட்டிற்று. 5ஆம் நாள் அது ஆந்திரத்தில் பாபட்லா அருகே கரையேறியது. சென்னையின் ஆறுகளில் மிகுந்த வெள்ளம் கொண்டுவரும் கொசஸ்தலை, கொந்தளிக்கும் கடலின் முன் வடிய வழியின்றி விரிந்தது. சாம்பலும் ஆக்கிரமிப்பும் சுருக்கிவிட்ட கழிமுகத்தில் அது விரிவதற்கும் இடமில்லை. வடசென்னைத் தெருக்களில் பாலும் மின்சாரமும் கேட்டு மக்கள் சாலையில் அமர்ந்தார்கள். மணலித் தொழிற்பகுதியில் தேங்கிய வெள்ளத்தோடு சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலைக்குள் இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்தைக் கருப்பாக்கியது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் முதலிய ஊர்களில் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் அலையாத்திச் செடியிலும் எண்ணெய் கோடு போட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இறக்கையில் எண்ணெய் படிந்து பறக்க முடியாமல் நின்ற கூழைக்கடாவின் படத்தை எல்லோரும் பார்த்தார்கள். பல கவிதைகளும் அதைப் பாடின. பாடத்தக்கதே. அதே நாட்களில், கழிமுகத்தில் எண்ணெயை அள்ளிய கைகளைப் பாடியவர் குறைவு.

அள்ளியவர்கள் யார்? அந்தக் குப்பங்களின் மீனவர்களே. தம் படகுகளில் சென்று, தொடக்க நாட்களில் உறையணியாத கைகளால், குவளையும் வாளியும் கொண்டு எண்ணெயை மொண்டு பீப்பாய்களில் நிரப்பினார்கள். தோல் எரிந்தது, தலை சுற்றியது. மீன்பிடிக்கப் போக இயலாது. பிடித்து வந்தாலும் எண்ணூர் மீன் என்றால் வாங்குவாரில்லை. அந்த வேலைக்கு நாட்கூலி பெற்றார்கள். 2015இல் நகரைக் காக்கச் சென்றபோது அவர்களைத் தொண்டர்கள் என்றவர்கள், 2023இல் தம் ஆற்றைத் துடைக்கக் கூலி வாங்கியபோது தொழிலாளர் என்றார்கள். கூலி பெற்றால் தொண்டு இல்லையா?

இதற்கு விடை திருவொற்றியூரிலேயே இருக்கிறது. அறுபத்துமூவரில் ஒருவரான கலிய நாயனார் அவ்வூரில் செக்கர் குலத்தில் பிறந்தவர். கோயிலில் அல்லும் பகலும் விளக்கெரிப்பதைப் பணியாகக் கொண்டார். செல்வம் தீர்ந்தபின் எண்ணெய் விற்றுக் கூலி பெற்றார். அது நின்றதும் செக்காடிக் கூலி பெற்றார். அந்தக் கூலியில் விளக்கெரித்தார். கடைசியில் எண்ணெய்க்கு வழியின்றித் தம் கழுத்தை அரிந்து குருதியால் விளக்கு நிரப்பத் துணிந்தபோதுதான் இறைவன் கை தடுத்தது என்கிறது பெரியபுராணம். கூலி பெற்றதால் அவருடைய தொண்டு தாழ்ந்தது என்று சேக்கிழார் கருதவில்லை. எண்ணெய்க்காக உழைத்த ஒருவரின் ஊருக்கு அருகே, எண்ணெயாலேயே வாழ்விழந்தவர்கள் அதை அள்ளிக் கூலி பெற்றதைத் தாழ்வாகக் கருத எவருக்கும் உரிமையில்லை. ஏழையின் உழைப்பு மட்டும் இலவசமாக இருந்தால்தான் அறம் என்று கொள்வது, இருப்பவர்கள் வகுத்த இலக்கணம்.

எண்ணூர் எண்ணெய்க்கசிவுக்கு அரசு அறிவித்த தொகை விவரம் இங்கே கூறத்தக்கது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000 ரூபாய். பாதிக்கப்பட்ட 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் ஏறத்தாழ 8 கோடியே 68 இலட்சம். தொகை போதுமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. வலையை மாற்றவே அது காணாது என்றார்கள். பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களின் மனக்குறை வேறு. அவற்றைத் தீர்க்க வேண்டியது அரசும் நீதிமன்றமும். இலக்கிய அவை நோக்க வேண்டியது பட்டியலின் தலைப்பை. அது ‘பாதிக்கப்பட்டோர்’ பட்டியல். அந்த 787 படகுகளில் எத்தனை, 2015இல் லாரி ஏறிப் போன படகுகள் என்பதைக் குறிக்க அதில் பத்தி கிடையாது.

அவ்வாண்டு டிசம்பர் 26 நள்ளிரவில், பேரலையின் நினைவு நாள் முடியும் வேளையில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே உர ஆலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சடைத்து விழித்த மக்கள் குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் வெளியேறினார்கள். எண்ணெய் நாற்றம் போகாத ஊரில் அடுத்த இடி. அன்றிரவும் முதலில் அண்டை வீட்டுக் கதவைத் தட்டியவர் அண்டை வீட்டாரே. வெளியிலிருந்து வரும் எந்த உதவிக்கும் வழி கேட்டு வர நேரம் பிடிக்கும். கதவைத் தட்டும் கை அங்கேயே இருக்கிறது.

அந்தக் கை தானாக வாய்த்ததன்று. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த ஊரார், எந்த இடத்தில், எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைப்பதில்லை. கடற்கரை ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தும் உண்டு. படகைக் கரையேற்ற அழைத்தால் கைவேலையை விட்டு வந்து தோள் கொடுப்பதும் உண்டு. சண்டையும் பகையும் அங்கு இல்லை என்பதன்று. ஆனால் தனியொருவனால் ஒரு படகைக்கூடத் தூக்க முடியாத தொழிலில், ஒப்புரவு என்பது நற்குணமாக அன்றி நடைமுறையாகவே இருந்தாக வேண்டும். நகரத்துத் தொண்டர் குழுக்கள் பயிற்சி வகுப்பில் கற்க முயல்வதை அவர்கள் அன்றாடம் கரையில் செய்கிறார்கள்.

கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். புயல் பற்றிய கவிதைகளில் கடல் கொடியவளாகவும், மீனவன் கண்ணீர் சிந்துபவனாகவும் மட்டுமே வந்துகொண்டிருப்பது போதும். நெய்தலைப் பாடிய பழம்புலவர்கள் சுறாவையும் உப்பங்கழியையும் வலையின் முடிச்சையும் அறிந்து பாடினார்கள். இன்றைய நெய்தலில் வாடையும் கொண்டலும் கச்சானும் வேண்டும். சாம்பல் குழாயும் நிலக்கரிக் கப்பலும் ஃபைபர் படகும் வேண்டும். புயல் நிதிக்காகக் கவியரங்கம் நடத்தி, திரண்ட தொகையை உறையிலிட்டு, மேடையில் ஒரு முதியவளை நிறுத்திக் கையளித்துப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் இவ்வட்டம் மறுபரிசீலனை செய்யலாம். அம்முதியவளின் மகன் யாரையெல்லாம் தண்ணீரிலிருந்து தூக்கினான் என்று கேட்டுவிட்டு அந்த உறையைக் கொடுத்தால், மேடையில் நிற்பவர்களின் நிலையே மாறிவிடும்.

நிதி திரட்டுவது நிற்க வேண்டாம். கூடவே, அடுத்த ஐப்பசி மழைக்குள் வட்டத்தின் உறுப்பினர்கள் சிலர் காசிமேடு முதல் காட்டுக்குப்பம் வரை சென்றுவர முடியும். செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணமும் ஒரு நீண்ட குறிப்பேடும்தான். 2015இல் போனவர்களில் சிலர் முதுமையடைந்துவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் கடலைவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். குறிப்பேட்டில் கோடு போட்டு, சொல்ல விரும்புவோரிடம் கேட்டு எழுதலாம்: பெயர், குப்பம், யாருடைய படகு, எந்தத் தெருவுக்குப் போனது, எத்தனை நடை, படகில் என்ன உடைந்தது, அதை யார் செலவில் சரிசெய்தார்கள், வீடு திரும்பியபோது தம் வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது.